எடுக்காத பித்தப்பை

என் தங்கையின் வயிற்றை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து என்னிடம் காட்டினார்கள். ஆபரேஷன் தியேட்டரின் கதவு பாதி திறந்தது. பச்சைத் தொப்பி போட்ட உதவி டாக்டர் ஒருவர் தட்டை நீட்டி, "இதுதான் எடுத்தது, பாத்துக்கோங்க" என்றார். எடுத்ததை வீட்டாரிடம் காட்டிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீளக் கத்திரிக்காயைச் சுட்டுத் தோலுரித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வயிற்றில், அதாவது இரைப்பையில், முக்கால்வாசி அது. மீதியை உள்ளேயே பின் அடித்து ஒரு குழாயளவுக்கு மூடிவிட்டார்களாம். அம்மா பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நன்றாகவே பார்த்தேன். இத்தனை வருஷம் எங்கள் மானத்தை வாங்கியது இதுதானா என்று நினைத்தேன். இரக்கம் வரவில்லை. இத்தனை காலம் கழித்து எழுதும்போது வந்ததாகச் சொல்வதில் அர்த்தமில்லை.

அப்பாவுக்குக் காஞ்சன்பாக்கில் ராணுவத் தளவாட ஆலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தெலுங்குச் சீமைக்கு வந்து, ஆலைக் குவார்ட்டர்ஸிலேயே எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். நான் மூத்தவள், ஒல்லி. தங்கை எனக்கு நான்கு வயது இளையவள். பன்னிரண்டு வயதில் என் சட்டை அவளுக்குப் பற்றாமல் போனது. இருபத்தேழு வயதில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தாள். பேகம்பேட்டில் ஒரு கால்சென்டரில் அமெரிக்காக்காரர்களிடம் பேசுவது அவள் வேலை. குரல் அத்தனை இனிமையாக இருக்கும். போனில் பேசியவர்கள் சிலர் அவளைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி நான் சிரிப்பேன்.

அவளைப் பெண் பார்க்க ஆறு குடும்பங்கள் வந்துபோயின. போட்டோ அனுப்பும்போது கழுத்துக்குக் கீழே வெட்டித்தான் அனுப்புவோம். முகம் பார்த்து ஆசையாக வருவார்கள். அவள் காபித் தட்டோடு அறையிலிருந்து வரும்போது சோபாவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு கேசரியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்புவார்கள். ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பா அவளிடமே, "தைராய்டா, இல்ல சாப்பாடாம்மா?" என்று கேட்டார். இன்னொரு வீட்டம்மா என்னைக் கல்யாணப் பெண் என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டாள். அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். தவறு தெரிந்ததும் எல்லாரும் நெளிந்தார்கள். எனக்குள்ளே இனித்தது.

அம்மா தங்கையைத் திட்டாத நாளில்லை. தட்டில் மூன்றாவது தோசை விழுந்தால், "ஏட்டி, போதும்ட்டி. வாற மாப்பிள்ளயெல்லாம் வாசல்லயே திரும்பிப் போறான். அதுக்காவது ரோசம் வேண்டாமா?" என்பாள். அரைமணி கழித்து அவளே நான்காவது தோசையைச் சுட்டு, தலையைத் தடவிக் கொடுப்பாள். வீட்டில் எங்களோடு தெலுங்கிலோ இந்தியிலோதான் பதில் சொல்லும் தங்கை, தோசையை மென்றபடி, "சோடு அம்மா" என்பாள், விடும்மா என்று. மற்ற இடங்களில் அவள் பேச்சை நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அவளுக்குத் தன் உடம்போடு பெரிய சண்டை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. சண்டையெல்லாம் எங்களுக்குத்தான்.

பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அந்தச் சர்ஜனிடம் அவளைக் கூட்டிப்போனவள் நான். ஒரே ஆளின் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் சுவரெல்லாம் தொங்கின. சர்ஜன் மெதுவாகப் பேசினார். வயிற்றைக் கிழிக்கமாட்டார்களாம். ஐந்து சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்தபடியே வெட்டி எடுத்துவிடுவார்களாம். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். பசி குறைந்துவிடும். வருஷத்தில் நாற்பது கிலோவாவது போகும். தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்புறம் பிரியாணி?" என்று கேட்டாள். "ரெண்டு ஸ்பூன்" என்றார் அவர். வேண்டாம் என்று எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அவளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ செத்தா தூக்குறதுக்கு நாலு பேரு பத்தாதுடி. அந்தச் செலவுக்கு இந்த ஆபரேஷனப் பண்ணிக்கோ." டிரைவர் தமிழ் தெரியாதவர் என்பதால் சத்தமாகவே சொன்னேன். அவள் கொஞ்சநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சிரித்தாள். வீட்டுக்கு வந்து சரி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் சொன்னதால்தான் சம்மதித்தாள் என்று கொஞ்ச காலம் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எப்படி மறைப்பது என்பதுதான் அடுத்த கவலை. குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் பால் பொங்கினால் எதிர் பிளாக்கில் தெரியும். எல்லா வீட்டு ஆண்களும் ஒரே கேட்டுக்குள் நுழைகிறவர்கள். குண்டாக இருந்து, வயிற்றை வெட்டிக்கொண்டு இளைத்தவள் என்று பேர் வந்துவிட்டால் எந்த மாப்பிள்ளை வருவான்? "உள்ள ஒண்ணுமில்லாத பிள்ளன்னு சொல்லிருவாவளே" என்று அம்மா புலம்பினாள். எனக்குச் சட்டென்று சர்ஜன் பேச்சோடு பேச்சாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. பித்தப்பை ஆபரேஷனுக்கும் ஏறக்குறைய இதே மாதிரித் துளைகள்தானாம், வெளியே பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாதாம். குவார்ட்டர்ஸில் பித்தப்பைக் கல் வராத குடும்பம் இல்லை. அது மானமான வியாதி. பித்தப்பையில் கல், எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்றேன். அம்மா என்னை மெச்சினாள். அப்பா பேப்பரை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று மாலையே தங்கையை வார்டில் நடக்கவிட்டார்கள். வயிற்றுக்குள் விட்ட காற்று தோள்பட்டையில் போய் வலிக்கிறது என்று முனகினாள். மருந்து அளக்கும் குட்டிக் குப்பியில் தண்ணீரைக் கால்மணிக்கு ஒருதடவை சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர்தான். பசி இல்லை, ஆனால் ஆசை இருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ள நானும் அம்மா வீட்டில்தான் இருந்தேன். எங்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து, நாங்கள் மெல்லுவதைப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். "போய் டிவி பாரு, போ" என்று விரட்டுவேன்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வரிசையாக வந்தார்கள். எதிர் பிளாக் அம்மாள் ஒருத்தி தன் புடவையை விலக்கித் தன் தழும்புகளைக் காட்டி, தங்கையின் பிளாஸ்திரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். போதாதென்று, மறுநாள் தன் பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களை ஒரு மருந்துப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். "உன்னோடது எங்கேம்மா? எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள். தங்கை திருதிருவென்று என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டோம் என்று நான் சொல்லிவைத்தேன். அவள் போனதும், தோட்டத்திலிருந்து நாலு பொடிக்கல்லைப் பொறுக்கிப் பாட்டிலில் போட்டு வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டாள். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். தங்கைக்குச் சிரித்தால் துளை வலித்தது, ஆனாலும் சிரித்தாள்.

மூன்று மாதத்தில் இருபத்தைந்து கிலோ இறங்கிவிட்டாள். தாடை தெரிந்தது. தோள் எலும்பு தெரிந்தது. தலைமுடிதான் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இவ்வளவு வேகமாக இளைத்தால் அப்படித்தான், திரும்ப வளரும் என்றார் சர்ஜன். பஸ் ஸ்டாண்டில் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்க்கிறார்கள் என்பதை நான் கவனித்தேன். சின்னவள்தான் லட்சணம் என்று எதிர் பிளாக் அம்மாள் என் முகத்துக்கு நேரே சொன்னாள். வாழ்நாள் முழுக்க எனக்கு மட்டுமே கிடைத்துவந்த ஒன்றை யாரோ பங்கு போடுவதாகப் பட்டது. அவள் குண்டாக இருந்தவரை எனக்கு அழகாக இருப்பது சுலபமாக இருந்திருக்கிறது. இது தெரிந்தபோது வெட்கப்பட்டேன். ஆனால் வெட்கப்பட்டதால் பொறாமை போய்விடவில்லை.

அந்த நேரத்தில்தான் செகந்திராபாத் சம்பந்தம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே கண்டோன்மென்ட் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழில் பாதி உருது கலந்திருக்கும், ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ. மாப்பிள்ளைக்கு ஜீடிமெட்லாவில் மாத்திரைக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. அவன் அம்மா வாட்டசாட்டமானவர், குரலும் அப்படியே. தங்கை பஜ்ஜியில் ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு வைத்ததைப் பார்த்து என்ன விஷயம் என்று விசாரித்தார். பித்தப்பை எடுத்திருக்கிறது, கொஞ்சமாகத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"ஹவ்மா, எங்க நாத்தனாருக்கும் எடுத்தாங்க. ஆயில் நக்கோ, மசாலா நக்கோ. அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று தங்கையின் கன்னத்தைத் தட்டினார். அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. பொய் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

நான்காம் மாதக் கடைசியில் கல்யாணம். சவுரி வைத்துப் பின்னி, பூவைச் சுற்றி, உதிர்ந்த முடியை மறைத்தோம். அதற்கு இரண்டு நாள் முன்னால் அவளுடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன். அடியில் மாத்திரைப் பட்டைகள் இருந்தன. சத்து மாத்திரைகள் ஒரு பக்கம். இன்னொன்று, ஆபரேஷனுக்குப் பின் ஆறு மாதம் விடாமல் போடவேண்டும் என்று சர்ஜன் எழுதிக்கொடுத்தது. வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரும், அது சேராமல் இருக்க இந்த மாத்திரை என்று எங்களுக்கு இரண்டு தடவை விளக்கியிருந்தார். இன்னும் இரண்டு மாதத்து மாத்திரை பாக்கி.

கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை மாத்திரைக் கம்பெனிக்காரன். பட்டையின் பின்புறத்தைப் பார்த்தால் அது எதற்கு என்று தெரிந்துவிடும். பித்தப்பையே இல்லாதவள் பித்தப்பைக் கல்லுக்கு மாத்திரை போடுவாளா? முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பட்டைகளை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தங்கை குளித்துவிட்டு வந்து தேடினாள்.

"அக்கா, அந்த டாப்லெட்?"

"டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். இனிமே வேண்டாமாம். நிறுத்திடலாமாம்."

"நிஜமா?"

"நான் பொய் சொல்லுவேனாடி?"

டாக்டரிடம் நான் கேட்கவேயில்லை. கேட்டால் நிறுத்தக்கூடாது என்பார் என்று எனக்குத் தெரியும். மாத்திரைகளை மியாப்பூரில் என் வீட்டுக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன், பொறாமையில் செய்யவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்லவேண்டியிருக்கிறது.

கல்யாணமான பிறகு தங்கையின் நாட்கள் நன்றாகவே போயின. மாமியார் அவளுக்கென்று தனி வாணலியில் எண்ணெயில்லாமல் சமைத்தார். ஒரு கரண்டிச் சோற்றை அரைமணி நேரம் மென்று தின்பவளை யாரும் குறை சொல்லவில்லை. மருமகளுக்குப் பித்தப்பை கிடையாது, அதனால் இது ஆகாது, அது ஆகாது என்று கல்யாண வீடுகளில் பரிமாறுபவர்களிடமெல்லாம் மாமியாரே சொல்லிவிடுவார். தங்கை இதையெல்லாம் போனில் சொல்லும்போது குற்ற உணர்ச்சியாக இருக்கிறது என்பாள். "சொல்லிடட்டுமாக்கா? நல்லவங்க" என்று இரண்டு தடவை கேட்டாள். "நல்லவங்களா இருக்கறவரைக்கும்தான்டி நல்லவங்க" என்று அடக்கினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் மாமியார் எனக்குப் போன் செய்தார். தங்கைக்கு மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி, முதுகு வரை இழுக்கிறது, வாந்தி. பக்கத்து நர்சிங்ஹோமில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே டாக்டர் பித்தப்பையாக இருக்குமோ என்று கேட்டாராம். "நான்தாமா சொன்னேன், அத போன வருஷமே எடுத்தாச்சுன்னு. அப்ப கேஸ் டிரபிள்தான்னு ஊசி போட்டிருக்காங்க. அந்த ஆபரேஷன் பேப்பர் இருந்தா கொண்டு வா."

பேப்பர் என் பீரோவில்தான் இருந்தது. என்ன வெட்டினார்கள், எவ்வளவு வெட்டினார்கள் எல்லாம் அதில் அச்சாகியிருந்தது. "வீடு மாத்தும்போது எங்கயோ போயிடுச்சு ஆன்ட்டி. தேடிப் பாக்கறேன்" என்றேன். தங்கை போனை வாங்கினாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் சொல்லிடறேன். தாங்கல."

"வாயைத் திறக்காத. கேஸ்தான்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல? ரெண்டு நாளு பொறுத்துக்கோ. இத்தன நாளு பண்ணினதெல்லாம் வீணாயிடும்."

அவள் பொறுத்துக்கொண்டாள். நான் சொன்னால் கேட்பவள். அந்த இரண்டு நாளும் நான் மாதாப்பூரில் ஆபீசில் உட்கார்ந்து, ஏசியில் வியர்த்துக்கொண்டு, யாரோ எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. நடுவில் அம்மாவுக்குப் போன் செய்தேன். "சொல்லிராத தாயி. அவ வாழ்க்க போயிரும்" என்று அம்மா அழுதாள். என்னைப் போலவே அவளும் பயந்திருந்தாள். சர்ஜனின் நம்பர் என் போனிலேயே இருந்தது. அவரைக்கூட நான் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பந்த். பஸ் ஓடவில்லை. மாமியார் மறுபடி கூப்பிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது, காய்ச்சல் வேறு, ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள் என்றார். இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, மீதி தூரம் நடந்து போய்ச் சேர்ந்தேன். ஸ்கேன் அறைக்குள் என்னையும் மாமியாரையும் விட்டார்கள். மாப்பிள்ளை கதவருகே நின்றிருந்தான். தங்கை கட்டிலில் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குத் தாங்கமுடிவதில்லை.

ஸ்கேன் டாக்டரம்மா வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்துத் தேய்த்தார். புருவம் சுருங்கியது. "பித்தப்பையை எடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. இங்க இருக்கே. கல் நிறைய இருக்கு. ஒண்ணு கீழ குழாய்ல எறங்கி அடைச்சிருக்கு" என்று இந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னார்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். தங்கையின் வயிற்றில் இருந்த ஐந்து தழும்புகளைப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப என்னத்த எடுத்தாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"ஸ்கேன் தப்பா இருக்கலாம் ஆன்ட்டி" என்றேன். அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

அவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். குரல் தழைந்துபோயிருந்தது. "மேடம், கர்ப்பப்பை இருக்கான்னு பாருங்க."

டாக்டரம்மா தயங்கினார். பிறகு கருவியைக் கீழே நகர்த்தினார். அழுத்தியபோது தங்கை வலியில் கத்தினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் கர்ப்பப்பை இருக்கிறதா இல்லையா என்று தேடப்படுவதற்காகக் கிடந்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அதை நிறுத்தியிருக்க என்னால் முடியும். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இருக்கு, நார்மல்" என்றார் டாக்டரம்மா.

அப்போது தங்கையே பேசினாள். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்பவள், அன்றைக்குத் தமிழில் சொன்னாள். "வயிறு அத்த. என் வயித்தத்தான் எடுத்தாங்க. நான் ரொம்ப குண்டா இருந்தேன்."

மாமியாருக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொல்லவைத்துக் கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபமாகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதுக்கா? கைக்குமா, எதுக்கும்மா பொய் சொன்னீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "மூணு நாளா கேஸு கேஸுன்னு ஊசி குத்தியிருக்காங்க. நானும் எடுத்தாச்சு, எடுத்தாச்சுன்னு வர்ற டாக்டருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்கறேன். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இவ செத்திருந்தா நான்தானே கொன்ன மாதிரி?" அழுதுகொண்டே தங்கையின் புடவையைச் சரிசெய்து, வயிற்றை மூடினார். நான் கட்டிலை நெருங்கியபோது, "நக்கோ, நீ தொடாத" என்றார்.

அன்றைக்கே ஆம்புலன்சில் பழைய சர்ஜனின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாய்வழியே குழாய் விட்டு, அடைத்திருந்த கல்லை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் கணையம் வீங்கிக் கெட்டுவிட்டிருந்தது. பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். இரண்டு தடவை எங்களைக் கூப்பிட்டு, எதற்கும் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். முதல் நாளே வந்திருந்தால் சின்ன விஷயம் என்று சர்ஜன் சொன்னார். மாமியாரும் மாப்பிள்ளையும் முறைவைத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் தினமும் போய் எதிர்ப்பக்க பெஞ்சில் உட்காருவேன். அவர்கள் சாப்பிடும்போது எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டுவார்கள், ஆனால் பேசமாட்டார்கள்.

பதின்மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தார். தங்கை எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அவர் வருத்தத்தோடு கேட்டார்: "அந்த ஆறு மாத டாப்லெட் ஒழுங்காப் போட்டீங்கதானே? போட்டும் இவ்வளவு கல்லா?"

"நாலு மாசம் போட்டேன் டாக்டர். அப்புறம் நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க."

"நானா?"

"அக்கா உங்களுக்குப் போன் பண்ணாங்களே."

சர்ஜன் என்னைப் பார்த்தார். யாரும் போன் பண்ணவில்லை என்று அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. தங்கை தலையைத் தலையணையில் மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால், மாப்பிள்ளை பார்த்துவிடுவான் என்றுதான் எடுத்தேன், உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் மாத்திரையின் பெயரைச் சர்ஜனிடம் கேட்டான். கேட்டுவிட்டு, "எங்க பிளான்ட்லயே பண்றோம் சார் அது. நானே கொண்டாந்து குடுத்திருப்பேன்" என்றான்.

கணையம் தேறிய பிறகு பித்தப்பையை எடுத்தேயாக வேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து, அதற்காக மறுபடி சேர்த்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அம்மா மூலம் தேதி தெரிந்துகொண்டு நானே போனேன். அறையில் ஒரு நர்ஸ் பாரத்தை வைத்துக்கொண்டு தங்கையிடம் தெலுங்கில் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை.

இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று நர்ஸ் கேட்டாள். தங்கை சத்தமாக, பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னாள். உடம்பு குறைக்க வயிற்றை எடுத்தார்கள், அப்போது எடை நூற்றுப் பன்னிரண்டு, இப்போது ஐம்பத்தொன்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அமெரிக்காக்காரர்களை மயக்கிய அதே குரல்தான். அதில் ஒரு கூச்சமும் இல்லை. கூட இருப்பவர் யார் என்று நர்ஸ் கேட்டதும் மாமியார் கட்டிலருகே வந்து நின்றார். "அம்மகாரா?", அம்மாவா என்று கேட்டாள் நர்ஸ். மாமியார் ஆமாம் என்று தலையாட்டினார். தங்கையும் ஆமாம் என்றாள்.

நர்ஸ் பேனாவால் என்னைச் சுட்டினாள். "ஈமே மீக்கு ஏமவுதாரு?" இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. கோபமும் இல்லை. "ஏமீ காரு. தெலிசினாவிட" என்றாள். உறவு ஒன்றுமில்லை, தெரிந்த அம்மா.

உறவினர் தவிர மற்றவர்கள் வெளியே இருக்கவேண்டும் என்று நர்ஸ் மரியாதையாகக் கதவைக் காட்டினாள். நான் இவள் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.